வெஸ்ட் பாயின்ட் கப்பலும் பேர் இல்லாத போஸ்ட்மார்க்கும்

1940-ல எஸ்.எஸ். அமெரிக்கான்னு ஒரு புத்தம்புது பயணிகள் கப்பல் நியூயார்க்லேர்ந்து கிளம்புச்சு. அதோட ரெண்டு பக்கமும் கப்பலோட பேரையும் கம்பெனி பேரையும் எவ்ளோ பெரிசா எழுத முடியுமோ அவ்ளோ பெரிசா எழுதி, கூடவே அமெரிக்கக் கொடியையும் பெயின்ட் பண்ணியிருந்தாங்க. ராத்திரில கப்பல் முழுக்க லைட் போட்டுத்தான் ஓட்டுவாங்க. ஐரோப்பால யுத்தம் ஆரம்பிச்சாச்சு, அமெரிக்கா இன்னும் நடுநிலைன்னு சொல்லிட்டு ஒதுங்கி நிக்குது, ஜெர்மன் நீர்மூழ்கிக்காரன் பெரிஸ்கோப்ல பாத்தா இது யாரோட கப்பல்னு அவனுக்கு ஒரு செகண்ட்கூட சந்தேகம் வரக்கூடாது, அதுக்காகத்தான் இவ்ளோவும். அந்தக் கப்பலைப் பொறுத்தவரைக்கும் பேர்தான் பாதுகாப்பு.

ரெண்டு வருஷம்கூட ஆகல. அதே கப்பல் சாம்பல் கலர் அடிச்சு, லைட்டை எல்லாம் அணைச்சு, வேற பேர்ல, ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்களை ஏத்திக்கிட்டு ஓடுது. அதுல வேலை பாக்கற ஒரு மாலுமி அம்மாவுக்கு லெட்டர் போட்டா, கவர் மேல குத்தற போஸ்ட்மார்க்ல கப்பலோட பேர் இருக்காது. பேர் இருக்க வேண்டிய இடத்துல பொதுவா 'யு.எஸ். நேவி'ன்னு மட்டும் இருக்கும். அமெரிக்க நேவில அந்த நேரத்துல எத்தனை கப்பல் இருந்துச்சோ அத்தனைக்கும் ஒரே அடையாளம்.

நான் ஸ்டாம்ப் சேக்கறவன். ஆனா கொஞ்ச வருஷமா ஸ்டாம்பை விட அது மேல விழுந்த முத்திரைதான் என்னை இழுக்குது, அதுலயும் கப்பல்ல குத்தின முத்திரைன்னா விடவே மாட்டேன். ஒரு டீலர்கிட்ட கலவையா வாங்கின பழைய கவர் கட்டுல ஒண்ணு, யுத்த காலத்துது, சாதாரண வெள்ளைக் கவர். வலது மூலைல ஸ்டாம்ப் கிடையாது, இங்க்ல 'ஃப்ரீ'ன்னு கையெழுத்து. பக்கத்துல வட்டமா யு.எஸ். நேவி முத்திரை, நடுவுல 1943-ஆம் வருஷத்துத் தேதி. கீழ ஓரமா 'நேவல் சென்சார் பாஸ் பண்ணியது'ன்னு சொல்ற இன்னொரு வட்டம், அதுக்குள்ள யாரோ ஆபீசரோட இனிஷியல். இடது மூலைல அனுப்பினவரோட பேர், ரேங்க், அதுக்கு அடுத்த வரில யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயின்ட், அப்புறம் ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ், அதாவது நேவி கப்பல்ங்களுக்கான தபாலைப் பிரிச்சு அனுப்பற ஆபீஸ். கப்பல் பேர் இருக்கற அந்த ஒரு வரி இல்லாட்டி இது எந்தக் கப்பல்னு யாராலயும் சொல்லிருக்க முடியாது. அந்த வரியைப் புடிச்சுக்கிட்டுப் போனதுதான் கீழ எழுதறது எல்லாம்.

கப்பலோட கதைய முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம முத்திரையைப் பாத்தா ஒண்ணும் புரியாது.

வர்ஜீனியால நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டற தளத்துல கட்டினாங்க. டிசைன் பண்ணினவர் வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். எலினார் ரூஸ்வெல்ட் பேர் வச்சு தண்ணில இறக்கின நாள் 1939 ஆகஸ்ட் 31. மறுநாள் செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள்ள நுழைஞ்சாச்சு. பிறந்த மறுநாளே யுத்தம். அட்லாண்டிக்கைத் தாண்டி பணக்காரங்களையும் டூரிஸ்டுகளையும் கூட்டிட்டுப் போறதுக்குன்னு கட்டின கப்பல், அந்த வேலையைச் செய்ய வழியே இல்லாம, 1940 ஆகஸ்ட்ல முதல் பயணமே கரீபியன் பக்கமா உல்லாசப் பயணமாத்தான் போச்சு.

1941 மே கடைசில வர்ஜின் தீவுல செயின்ட் தாமஸ் பக்கம் இருந்தப்போ திரும்பி வான்னு உத்தரவு வருது. ஜூன் 15, நேவில சேத்தாச்சு, புதுப் பேர் யு.எஸ்.எஸ். வெஸ்ட் பாயின்ட், நம்பர் ஏ.பி. 23. ஏ.பி.ன்னா நேவியோட துருப்புப் போக்குவரத்துக் கப்பல்னு அர்த்தம். அலங்காரச் சாமான் எல்லாத்தையும் கழட்டி கரைல இறக்கிட்டு, ஹால் ஹாலா அடுக்குப் படுக்கை அடிச்சாங்க. பயணிகள் கப்பலா ஓடினப்போ ஆயிரத்துச் சொச்சம் பேர் போனாங்க. 1944-ல ஒரே ட்ரிப்ல 9,305 பேர் போயிருக்காங்க. ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, ஒரு சின்ன டவுனையே தூக்கி ஒரு கப்பல்ல வச்ச மாதிரி.

நேவில சேந்தப்புறம் முதல் பெரிய வேலை துருப்பு ஏத்தறதுகூட இல்ல. அமெரிக்கால மூடின ஜெர்மன், இத்தாலியத் துணைத் தூதரகத்து ஆளுங்களை லிஸ்பன்ல கொண்டுபோய் விடணும். 1941 ஜூலை 16 கிளம்பி 23-ஆம் தேதி லிஸ்பன். போகும்போது 327 ஜெர்மானியர், 137 இத்தாலியர். வரும்போது அங்க மாட்டிக்கிட்டிருந்த 321 அமெரிக்கர், 67 சீனர். இன்னும் யுத்தத்துல சேரலைன்னு சொல்லிக்கற நாட்டோட நேவி கப்பல் செஞ்ச வேலை இது.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்த ஒரு விஷயம் எனக்கு முத்திரைக் கதைக்கு ரொம்ப முக்கியமாப் படுது. ஜூன் கடைசில எஃப்.பி.ஐ. நியூயார்க்ல ஒரு பெரிய ஜெர்மன் உளவு கும்பலைப் புடிச்சது, டியூகேன் கும்பல்னு சொல்லுவாங்க, மொத்தம் 33 பேர், எல்லாருமே தண்டிக்கப்பட்டாங்க. அதுல ரெண்டு பேர், எர்வின் சீக்ளர், ஃபிரான்ஸ் ஸ்டிக்ளர், இதே எஸ்.எஸ். அமெரிக்கா கப்பல்ல வேலை பாத்தவங்க. சீக்ளர் தலைமைக் கசாப்புக்காரர், ஸ்டிக்ளர் தலைமை பேக்கர். அடுப்படில இருந்துக்கிட்டே தகவல் கடத்தியிருக்காங்க. எந்தக் கப்பல் எங்க போகுது, பனாமா கால்வாய்ல பாதுகாப்பு என்ன ஏற்பாடு, இந்த மாதிரி தகவலைச் சேத்ததா குற்றச்சாட்டு. 1942 ஜனவரில தண்டனை விதிச்சாங்க, ஸ்டிக்ளருக்கு 16 வருஷம், சீக்ளருக்கு 10 வருஷம். சென்சாரு, பேர் மறைக்கறது எல்லாம் அதிகாரிங்களோட வீண் பயம்னு யாராவது சொன்னா எனக்கு உடனே இந்த ரெண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. கப்பல் எங்க இருக்குங்கறதுதான் அன்னைக்கு விலைமதிப்பான தகவல், அதைச் சேத்துக் கொடுக்க ஆளுங்க கப்பலுக்குள்ளயே இருந்தாங்க.

இப்ப போஸ்ட்மார்க்குக்கு வரேன்.

அமெரிக்க நேவி கப்பல்ல தனியா போஸ்ட் ஆபீஸ் வந்தது 1908-ல. அந்த வருஷம் போட்ட சட்டத்துலதான் நேவி மெயில் கிளார்க்னு ஒரு பொறுப்பே உருவாச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் தன் பேர் போட்ட முத்திரை. சின்ன ரூம், தராசு, ஸ்டாம்ப் வச்ச ட்ராயர், மெயில் பை, ஒரு ரப்பர் இல்லாட்டி ஸ்டீல் முத்திரை, இங்க் பேடு. வட்டத்தோட மேல் வளைவுல கப்பலோட பேர், நடுவுல தேதி, வலது பக்கம் ஸ்டாம்பை அடிச்சு செல்லாததாக்கற கோடுங்க. அந்தக் கோடுகளுக்கு நடுவுல இருக்கற சந்துல எழுத்து கோத்துக்கற மாதிரி ஒரு வகை உண்டு, யுத்தத்துக்கு முன்னாடி கிளார்க்குங்க அதுல கப்பல் நிக்கற ஊரை வைப்பாங்க, ஷாங்காய்னு இருக்கும், பேர்ல் ஹார்பர்னு இருக்கும், பண்டிகை நாள்னா அதுக்கு ஒரு வாழ்த்து இருக்கும். 1930-கள்ல இதுக்குன்னே ஒரு பெரிய கூட்டம் சேந்துச்சு, தன் அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவரை கப்பலுக்கு அனுப்பி முத்திரை குத்தி வாங்குவாங்க. 1932-ல யுனிவர்சல் ஷிப் கேன்சலேஷன் சொசைட்டின்னு சங்கமே ஆரம்பிச்சாச்சு, இன்னைக்கும் இருக்கு. அதுக்கும் முன்னாடியே டாக்டர் ஃபிரான்சிஸ் லோசின்னு ஒருத்தர் இந்த முத்திரைங்களை வடிவத்தை வச்சு வகை வகையா நம்பர் போட்டுப் பிரிச்சுட்டார். இப்பவும் எந்த நேவல் கவரைப் பாத்தாலும் இது லோசி டைப் 3, இது டைப் 9ன்னுதான் பேசிக்கறோம்.

அப்படி ஊர் பேரையும் தேதியையும் கப்பல் பேரையும் ஒரே வட்டத்துல சேத்துக் குத்திக்கிட்டிருந்த பழக்கம், யோசிச்சா எவ்ளோ ஆபத்து. எதிரிக்கு வேண்டியது மூணே மூணு விஷயம், எந்தக் கப்பல், எந்த நாள், எந்த இடம். மூணையும் நாமளே இங்க்ல குத்தி உலகம் பூரா தபால்ல அனுப்பிக்கிட்டிருந்தோம். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அது நின்னுச்சு. முத்திரைலேர்ந்து கப்பல் பேரை எடுத்தாச்சு, ஊர் பேரும் போச்சு, புதுசா வந்த முத்திரைல யு.எஸ். நேவின்னு பொதுப் பேர் மட்டும். புது முத்திரை கைக்கு வர்ற வரைக்கும் சில கப்பல்ல மெயில் கிளார்க்கே பழைய முத்திரைல பேர் இருக்கற இடத்தை வெட்டியோ செதுக்கியோ எடுத்துட்டு அதையே குத்தினாங்க. அந்த மாதிரி கவர்ல வட்டத்தோட மேல் பாதி மொட்டையா இருக்கும், சிலதுல சரியா வெட்டாம ஒரு எழுத்தோட கால் மட்டும் தொங்கிட்டு நிக்கும். எனக்கு இந்த வெட்டுப்பட்ட முத்திரைங்க மேல தனிப் பிரியம் உண்டு. வாஷிங்டன்ல போட்ட ஒரு உத்தரவு, நடுக்கடல்ல ஒரு சின்ன ரூம்ல உக்காந்திருக்கற ஒருத்தர் கைல பிளேடா மாறினது அந்தக் கவர்ல தெரியுது. லோசி வகைப் பட்டியல்ல யுத்த கால பேர் இல்லாத முத்திரைக்கு நம்பரோட கூட இசட்னு ஒரு எழுத்தைச் சேத்துக்கறாங்க, டைப் 2 இசட், டைப் 3 இசட்னு.

சரி, முத்திரைல பேர் கூடாது, ஆனா அனுப்பறவர் அட்ரஸ்ல கப்பல் பேர் இருக்கலாமா? இதுதான் எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்வி. இருக்கலாம், இருக்கவும் வேணும், இல்லாட்டி வீட்லேர்ந்து பதில் எப்படி வரும். வெஸ்ட் பாயின்ட், ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ்னு போட்டா கப்பல் எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. எந்தக் கப்பல் எங்கங்கற ரகசியம் ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்தான், அவங்க அந்தந்தத் துறைமுகத்துக்குப் பையை அனுப்பி வைப்பாங்க. ஆனா ஒரே வட்டத்துக்குள்ள கப்பல் பேரும் தேதியும் ஊரும் சேந்து அரசாங்க முத்திரையா நின்னா அது அத்தாட்சி. அதைத்தான் உடைச்சாங்க. தேதியை மட்டும் விட்டு வச்சாங்க, நல்லவேளை, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அந்தத் தேதிதான் இன்னைக்கு ஒரே கைப்பிடி.

லெட்டர் போற வழியையும் சொல்லணும். மாலுமி கவரை ஒட்டக் கூடாது, திறந்தே குடுக்கணும். கப்பல்லயே இருக்கற ஆபீசர் ஒருத்தர் படிச்சுப் பாப்பார், எந்த ஊர்ல நின்னோம், எத்தனை பேர் ஏறினாங்க, கூட எந்தக் கப்பல் வந்துச்சுன்னு ஏதாவது இருந்தா அந்த இடத்தை பிளேடால வெட்டி எடுத்துடுவார், அப்புறம் ஒட்டி, சென்சார் முத்திரை குத்தி, இனிஷியல் போடுவார். கூடவே சாப்பிடற, கூடவே வேலை செய்யற ஆள் தன்னோட காதல் லெட்டரைப் படிக்கறார்னு தெரிஞ்சுதான் ஒவ்வொருத்தரும் எழுதினாங்க. அந்தக் கால லெட்டர் எல்லாம் வானிலை, சாப்பாடு, உடம்பு நல்லாருக்குன்னு ஒரே மாதிரி இருக்கறதுக்கு இதுதான் காரணம், எழுதத் தெரியாம இல்ல. 1942 ஏப்ரல்லேர்ந்து படையில இருக்கறவங்களுக்குச் சாதாரண லெட்டருக்குக் காசு கிடையாது, ஸ்டாம்ப் ஒட்டற மூலைல ஃப்ரீன்னு எழுதினாப் போதும். ஏர்மெயில்னா மட்டும் 6 சென்ட்.

அதே 1942 ஜூன்ல வி-மெயில் வந்துச்சு. லெட்டரை மைக்ரோஃபிலிம்ல படம் புடிச்சு சுருளை அனுப்பி, அந்தப் பக்கம் திரும்பப் பிரின்ட் போட்டுக் குடுக்கறது. ஒன்றரை லட்சம் லெட்டருக்கு 37 மூட்டை வேண்டிய இடத்துல ஒரே மூட்டை போதும்னு கணக்கு. கப்பல்ல இடம் மிச்சமாச்சு, யுத்தத்துக்கு அது பெரிய உதவிதான். ஆனா முத்திரை பாக்கறவனுக்கு அதுல அவ்வளவா ஒண்ணும் கிடைக்காது, மாலுமி கைல புடிச்சு எழுதின காகிதமே நமக்கு வந்து சேரல, அதோட சின்ன படம்தான் வந்துச்சு. அதனால நான் வி-மெயில் பக்கம் அதிகம் போகறதில்ல.

கப்பல் வேலைக்காரங்க லெட்டர் வேற, கப்பல்ல ஏறிப் போற சிப்பாய்ங்க லெட்டர் வேற. இது நிறைய பேர் குழம்பற இடம். சிப்பாய் அந்தக் கப்பலுக்குச் சொந்தம் இல்ல, அவர் ஒரு சரக்கு மாதிரி ஏறி இறங்கறவர், அவர் அட்ரஸ்ல ராணுவ போஸ்ட் ஆபீஸ் நம்பர் இருக்கும், கப்பல் பேர் இருக்காது, லெட்டர் மேல 'கடல்ல எங்கயோ'ன்னு மட்டும் எழுதியிருப்பார், கரை சேந்தப்புறம்தான் அது தபால்ல ஏறும். முதல் உலக யுத்தத்துல இதுக்கு ஒரு அழகான ஏற்பாடு இருந்துச்சு. சிப்பாய் கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே 'நான் வந்த கப்பல் பத்திரமா வந்து சேந்துடுச்சு'ன்னு அச்சடிச்ச கார்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போவார், அதைத் துறைமுகத்துலயே எடுத்து வச்சுப்பாங்க, கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேந்த சேதி வந்தாத்தான் கார்டைத் தபால்ல போடுவாங்க. இன்னும் நடக்காததை நடந்ததா முன்கூட்டியே எழுதி வச்ச கார்டு. சேதி வரலைன்னா அந்தக் கார்டு வீடு போகாது.

இனி வெஸ்ட் பாயின்டோட பயணங்கள்லயே எனக்கு மனசுல நிக்கற பயணம். 1941 நவம்பர் 10, கனடாவோட ஹாலிஃபாக்ஸ்லேர்ந்து ஒரு கப்பல் கூட்டம் கிளம்புது. அதுல இருந்த ஆறு துருப்புக் கப்பலும் அமெரிக்க நேவியோடது, உள்ள இருக்கற சிப்பாய்ங்க எல்லாரும் பிரிட்டிஷ்காரங்க, 18-ஆவது டிவிஷன், 20,000 பேருக்கு மேல. அமெரிக்கா இன்னும் யுத்தத்துலயே இல்ல! வெஸ்ட் பாயின்ட்ல மட்டும் 5,000 பேருக்கு மேல. கூடவே வேக்ஃபீல்ட், மவுன்ட் வெர்னன், இந்த ரெண்டும் இதே கம்பெனியோட மன்ஹாட்டன், வாஷிங்டன்ங்கற பழைய பயணிகள் கப்பல்தான். மத்தியக் கிழக்குக்குப் போறோம்னு கிளம்பினாங்க. டிசம்பர் 9 கேப்டவுன் போய்ச் சேரும்போது பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்து ரெண்டு நாள் ஆச்சு, உலகமே மாறிடுச்சு. வெஸ்ட் பாயின்டும் வேக்ஃபீல்டும் டிசம்பர் 27 பம்பாய் வந்து நின்னுது. அங்கேர்ந்து ஜனவரில சிங்கப்பூருக்கு.

ஜனவரி 29-ல சிங்கப்பூர் போய்ச் சேந்தப்போ ஜப்பான்காரன் மலாயா முழுக்க இறங்கி ஜொகூர் வரைக்கும் வந்தாச்சு. மறுநாள் காலைல கெப்பல் துறைமுகத்துல விமானத் தாக்குதல். வேக்ஃபீல்ட் மேல நேரா ஒரு குண்டு விழுந்து கப்பல் ஆஸ்பத்திரி ரூம்ல இருந்த 5 பேர் செத்தாங்க. வெஸ்ட் பாயின்ட் சுத்தி விழுந்துச்சு, மேல விழல. அந்தக் கலவரத்துலயே கரைல இருந்த குடும்பங்களை ஏத்தறாங்க, நேவி ஆபீசருங்களோட மனைவி குழந்தைங்க, துறைமுக ஊழியருங்க, விமானப்படை ஆளுங்க சிலர்னு வெஸ்ட் பாயின்ட்ல 1,276 பேர். அன்னைக்கே கிளம்பி பட்டேவியா (இன்னைக்கு ஜகார்த்தா), அங்கேர்ந்து கொழும்பு, அப்புறம் பம்பாய்.

கொழும்புத் துறைமுகத்துல அந்தப் பிப்ரவரி தொடக்கத்துல இந்தச் சாம்பல் கப்பல்ங்க வந்து நின்னதையும், குழந்தையைத் தூக்கிட்டு இறங்கினவங்களையும் பாத்த நம்ம துறைமுகத் தொழிலாளிங்க இருந்திருப்பாங்க. கப்பல்ல இடம் கெடச்சது யாருக்குங்கறதையும் மறக்கக் கூடாது. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்த லட்சக்கணக்கான தமிழங்களுக்கு எந்தக் கப்பலும் வரல.

இறக்கிவிட்ட 18-ஆவது டிவிஷன் என்ன ஆச்சு? பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைஞ்சது. ரெண்டு மாசத்துக்கும் மேல கடல்ல அலைஞ்சு வந்து, கடைசியா வந்து இறங்கினவங்க சண்டை போட்டதே ரெண்டு வாரம்தான், அதுக்கப்புறம் மூணரை வருஷம் கைதி. அதுல நிறைய பேரை சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினாங்க, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர்ல முடிச்சாங்க, 12,000 யுத்தக் கைதிங்களுக்கு மேல செத்தாங்க. அதே பாதைல மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து புடிச்சுட்டுப் போன தமிழங்க செத்தது அதைவிட அதிகம், அவங்க பேர் எழுதி வச்ச கல்லறை பெரும்பாலும் கிடையாது, அவங்க போட்ட லெட்டர்னு ஒண்ணை நான் எந்த ஆல்பத்துலயும் பாத்தது இல்ல. கைதிங்களுக்காவது ஒரு கார்டு இருந்துச்சு. ஜப்பான் ராணுவம் அச்சடிச்ச கார்டு, என் உடம்பு நல்லாருக்கு, ஆஸ்பத்திரில இருக்கேன், சம்பளத்துக்கு வேலை செய்யறேன், வேலை செய்யலன்னு வரி வரியா போட்டிருக்கும், வேண்டாததை அடிச்சுட்டு கையெழுத்துப் போடணும். அது வீடு போய்ச் சேர பல மாசம், சில சமயம் ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. நல்லாருக்கேன்னு கார்டு வந்து சேர்றப்போ அனுப்பினவர் உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது வேற விஷயம். நேவல் கவர் சேக்கறவங்க கைதித் தபாலை வேற துறைன்னு ஒதுக்கி வைப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இங்க கப்பல் பேரை வெட்டினாங்க, அங்க எழுத வேண்டிய வார்த்தையையே அச்சடிச்சுக் குடுத்தாங்க. ஹாலிஃபாக்ஸ்ல கப்பல் ஏறின ஒரே ஆளோட கதைல ரெண்டும் வருது.

வெஸ்ட் பாயின்ட் அதுக்கப்புறம் சூயஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பம்பாய் மறுபடியும், வட ஆப்பிரிக்கா, லிவர்பூல், பிரான்ஸ்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. வேகமான கப்பல்ங்கறதால நிறைய பயணம் துணைக் கப்பல் இல்லாமத் தனியாவே ஓடுச்சு, நீர்மூழ்கி குறி பாக்கறதுக்குள்ள கடந்துடும். யுத்தம் முடியறதுக்குள்ள மூணரை லட்சத்துக்கும் மேல ஆளுங்களை ஏத்தி இறக்கியிருக்கு. 1946 பிப்ரவரில நேவி கணக்கிலேர்ந்து விடுவிச்சாங்க.

இந்தச் சுத்தல்தான் பேர் இல்லாத முத்திரையை அடையாளம் கண்டுபுடிக்க உதவுது. முதல்ல அட்ரஸ் பாக்கணும். அட்ரஸ் கிழிஞ்சிருந்தா, இல்ல லெட்டர் மட்டும் கிடைச்சிருந்தா, முத்திரையைப் பூதக் கண்ணாடி வச்சுப் பாக்கணும். கைல குத்தற முத்திரை தேயும், வட்டத்துல ஒரு இடத்துல சின்ன வெட்டு விழும், ஒரு எழுத்தோட ஓரம் உடையும், கோடு ஒண்ணு வளையும். அட்ரஸ் தெளிவா இருக்கற ஒரு வெஸ்ட் பாயின்ட் கவர்ல இருக்கற அதே உடைசல் இன்னொரு கவர்லயும் இருந்து, தேதியும் கிட்டக்கிட்ட வந்தா, ரெண்டும் ஒரே முத்திரைன்னு சொல்லலாம். சென்சார் இனிஷியலையும் ஒத்துப் பாக்கணும், ஒரே கப்பல்ல ஒரே ஆபீசர்ங்கதான் மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்க. அப்புறம் தேதியைக் கப்பலோட பயண விவரத்தோட வச்சுப் பாத்தா அன்னைக்குக் கப்பல் கடல்ல இருந்துச்சா துறைமுகத்துல நின்னுச்சான்னு தெரியும். என் கவர் விஷயத்துல முத்திரையோட வெளி வட்டத்துல, கடிகாரத்துல எட்டு இருக்கற பக்கமா, ஒரு சின்ன இடைவெளி இருக்கு. ஆன்லைன் ஏலத்துல வெஸ்ட் பாயின்ட் கவர் எது வந்தாலும் வாங்கறேனோ இல்லையோ, படத்தைப் பெரிசாக்கி முதல்ல அந்த இடத்தைத்தான் பாக்கறேன்.

வாங்க நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஸ்டாம்ப் இல்லாத ஃப்ரீ கவர்னா மதிப்பு இல்லன்னு நம்ம ஊர்ல பல பேர் ஒதுக்கிடறாங்க, சில பேர் ஏர்மெயில் ஸ்டாம்பைத் தண்ணில ஊறப் போட்டு எடுத்துட்டுக் கவரைக் குப்பைல போடறாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. 6 சென்ட் ஸ்டாம்ப் கோடிக்கணக்குல அச்சாச்சு, அதைத் தேடிப் போனா இன்னைக்கும் கிடைக்கும். அந்த முத்திரை, அந்த இனிஷியல், அந்த அட்ரஸ் மூணும் ஒண்ணா இருக்கறது அந்த ஒரு காகிதத்துல மட்டும்தான்.

யுத்தம் முடிஞ்சதும் கப்பல் முத்திரைல பேர் திரும்பி வந்துச்சு. அதனால வெஸ்ட் பாயின்ட்ங்கற பேரோட முத்திரையைத் தேடறவங்க ரெண்டு ஓரத்துலதான் தேடணும், 1941 ஜூன்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு, யுத்தம் முடிஞ்ச கொஞ்ச மாசம் ஒண்ணு. நடுவுல இருக்கற நாலு வருஷத்துக்குத்தான் இவ்ளோ பாடு.

கப்பல் பழைய பேருக்கே திரும்பி, எஸ்.எஸ். அமெரிக்காவா மறுபடியும் அட்லாண்டிக்ல ஓடுச்சு. 1964-ல சாண்ட்ரிஸ்ங்கற கிரேக்கக் கம்பெனி வாங்கி ஆஸ்திரேலிஸ்னு பேர் மாத்தி, பிரிட்டன்லேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறப் போறவங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு. அப்புறம் மறுபடி அமெரிக்கா, அப்புறம் இட்டாலிஸ், நோகா, ஆல்ஃபர்டாஸ், கடைசியா அமெரிக்கன் ஸ்டார். தாய்லாந்துல ஓட்டலா நிறுத்தறதுக்காக கிரீஸ்லேர்ந்து இழுத்துட்டுப் போறப்போ புயல்ல கயிறு அறுந்து, 1994 ஜனவரி 18, கேனரி தீவுகள்ல ஃபூர்டவென்ச்சுராவோட கரைல தரை தட்டி, கொஞ்ச நாள்லயே ரெண்டா உடைஞ்சுது.

என் ஆல்பத்துல இதை அமெரிக்காங்கற பேர்லயும் வைக்கல, ஆஸ்திரேலிஸ்ங்கற பேர்லயும் வைக்கல, வெஸ்ட் பாயின்ட்னுதான் தலைப்பு. அந்த 1943 கவர், கீழ பயணங்களோட தேதி, பக்கத்துல முத்திரையைப் பெரிசாக்கி எடுத்த பிரின்ட், வெளி வட்டத்து இடைவெளிய பென்சில்ல சுத்திக் காட்டியிருக்கேன். அடுத்த பக்கத்தை சிங்கப்பூர் கைதி கார்டுக்குன்னு விட்டு வச்சிருக்கேன், 18-ஆவது டிவிஷன் ஆள் அனுப்பினதாவே வேணும்னு பாத்துக்கிட்டிருக்கேன். அதோட 1942 ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரத் தேதி போட்ட வெஸ்ட் பாயின்ட் கவர் ஒண்ணு, பேர் வெட்டினதா இருந்தாலும் சரி, பொது முத்திரையா இருந்தாலும் சரி, எங்கயாவது வந்தா மத்ததை எல்லாம் ஒதுக்கிட்டு அதைத்தான் முதல்ல வாங்குவேன்.